பெயர் பதியாத வாக்குகள்

1970 செப்டம்பர் 5ஆம் தேதி மாநிலங்களவையில், முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு அளித்துவந்த மானியத்தை நிறுத்துவதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. மக்களவை அதை ஏற்கெனவே நிறைவேற்றி அனுப்பியிருந்தது. ஆதரித்தவர்கள் 149 பேர், எதிர்த்தவர்கள் 75 பேர். வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்பது 149.33, ஒரு முழு வாக்கைவிடக் குறைவான இடைவெளியில் மசோதா தோற்றது. அன்று யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது அவையின் அச்சிட்ட குறிப்புகளில் பெயர் பெயராக இருக்கிறது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 பிப்ரவரி 18 அன்று, ஆந்திரப் பிரதேசத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்று தொலைக்காட்சி நேரலையும் நின்றுபோனது. கோடிக்கணக்கான தெலுங்கு மக்களின் தலைநகரையும் ஆற்றுநீரையும் வேலைவாய்ப்பையும் மாற்றி எழுதிய சட்டம் அது. அதை நிறைவேற்றிய வாக்கில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் இருந்தார் என்று தேடுகிறவருக்குக் கிடைக்கப் பட்டியலே இல்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் நிலைப்பாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களுடைய பேச்சு, பேட்டி, கேள்வி எண்ணிக்கை, வருகைப் பதிவு ஆகியவற்றோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவரின் தலையாய செயலான வாக்கு, இந்தியாவில் பெரும்பாலும் பதிவாவதில்லை. பதிவாகும் இடத்திலும் 1985க்குப் பிறகு அது அவருடைய சொந்த வாக்காக இருப்பதில்லை. இந்த இரண்டு குறைகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களால் வந்தவை. ஆனால் ஒன்றை மற்றது தாங்கிப் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் தனியே சரிசெய்ய முடியாது என்பது என் கருத்து.

வாக்கைப் பெயரோடு வெளியிடும் வழக்கம் எந்த நாட்டுச் சபைக்கும் தானாக வந்துவிடவில்லை. இங்கிலாந்தின் மக்கள் சபை நெடுங்காலம் தன் நடவடிக்கைகளை வெளியே தெரியாமல் காத்தது; அவற்றை அச்சிடுவதே சபையின் உரிமையை மீறிய குற்றமாகக் கருதப்பட்டது. தொடக்கத்தில் அதற்கு நியாயம் இருந்தது. தன்னை எதிர்த்து வாக்களித்தவர் யார் என்று அரசர் அறிந்தால் அந்த உறுப்பினரின் கதி என்னவாகும் என்ற அச்சம் அது. 1641இல் மறுபக்கத்து அச்சமும் சேர்ந்தது. மன்னர் முதலாம் சார்லஸின் நம்பிக்கைக்குரிய அமைச்சரான ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்ற குற்றச்சாட்டோடு வெஸ்ட்மின்ஸ்டரில் ஒட்டப்பட்டன. அரசரின் கோபம் ஒரு பக்கம், தெருக்கூட்டத்தின் கோபம் மறுபக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் தனியார் சிலர் அவ்வப்போது பட்டியல்கள் வெளியிட்டார்கள், அவை அரைகுறையானவை. 1832இல் வாக்குரிமை விரிவடைந்த பிறகுதான் நிலைமை மாறியது. புதிதாக வாக்குப் பெற்றவர்கள் தங்கள் உறுப்பினர் என்ன செய்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1834 அக்டோபரில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்தது. சபை தற்காலிகக் கூடத்துக்கு மாறியது. அதுவரை வாக்கெடுப்பின்போது ஒரு தரப்பு வெளியே போகும், மறு தரப்பு உள்ளேயே இருக்கும். 1836இல் இரண்டாவது தாழ்வாரம் ஒன்றைக் கட்டி, இரு தரப்பும் தனித்தனி வழியாக வெளியேறும்போது எழுத்தர்கள் பெயர்களைக் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அந்த ஆண்டிலிருந்து வாக்குப் பட்டியல் சபையின் அதிகாரபூர்வ வெளியீடாயிற்று. 1872இல் அதே நாடு வாக்காளருக்கு ரகசிய வாக்கு அளித்தது. இதில் முரண்பாடு இல்லை. பண்ணையாரும் முதலாளியும் பார்க்கக் கூடாது என்பதால் வாக்காளரின் வாக்கு மறைவானது. தன்னை அனுப்பியவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதால் உறுப்பினரின் வாக்கு வெளிப்படையானது. அமெரிக்கர்கள் இதை 1787இலேயே தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்: வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஆம், இல்லை என்ற வாக்குகள் சபையின் நாளேட்டில் ஏறியாக வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த வழக்கம் காலனி ஆட்சியோடு வந்தது. நம் தேசியவாதிகள் அதைக் கையாண்ட விதம் அதிகம் பேசப்படாத ஒன்று. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியச் சட்டசபையில் 145 இடங்கள். அவற்றில் 104 தேர்தலால் நிரம்புபவை, மற்றவை நியமனம். நியமனம் பெற்றவர்களில் 26 பேர் அரசு அதிகாரிகள். அவர்கள் எப்போதும் அரசுப் பக்கம்தான். சபை ஒன்றை மறுத்தாலும் வைஸ்ராய் தன் சான்றதிகாரத்தால் அதைச் சட்டமாக்கிவிடலாம். 1923இல் உப்பு வரியை இரட்டிப்பாக்க சபை மறுத்தபோது ரீடிங் பிரபு அதைத்தான் செய்தார். வாக்கால் முடிவை மாற்ற முடியாத ஒரு சபையில் ஒருவர் ஏன் வாக்குப் பிரிவினை கேட்க வேண்டும்? பெயர் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான். 1928 பிப்ரவரியில் சைமன் குழுவின் மீது நம்பிக்கை இல்லை என்று லாலா லஜபதி ராய் கொண்டுவந்த தீர்மானம் 68க்கு 62 என்ற கணக்கில் நிறைவேறியது. அதனால் சைமன் திரும்பிப் போய்விடவில்லை. ஆனால் அன்னிய அரசோடு சேர்ந்து வாக்களித்த இந்தியர்கள் யார், எதிர்த்து நின்றவர்கள் யார் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 1930களின் நடுவில் அதே சபையில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் காலத்திலும் சபையின் நிலை இதுவே. சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த, அதிகாரமற்ற ஒரு சபை, தன் உறுப்பினர்களின் வாக்கைப் பெயரோடு அச்சிட்டு வைத்திருக்கிறது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள, முழு அதிகாரம் படைத்த சபை பெரும்பாலான சட்டங்களுக்கு அதைச் செய்வதில்லை. இந்தப் பின்னடைவு என்னை உறுத்துகிறது.

குடியரசின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1951 ஜூன் தொடக்கத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தற்காலிக நாடாளுமன்றத்தில் 228க்கு 20 என்று நிறைவேறியது. அந்தத் திருத்தத்தின் வேர்களில் இரண்டு நம் ஊரில்தான் இருந்தன: சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் செல்லாது என்றது ஒன்று; சென்னை அரசு தடைசெய்த 'கிராஸ்ரோட்ஸ்' பத்திரிகையின் வழக்கு மற்றொன்று. நேருவின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது அவரை எதிர்த்து நின்ற இருபது பேர் யார் என்பதை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். 1957இல் மக்களவையில் தானியங்கி வாக்குப் பதிவுக் கருவியும் வந்தது. பொத்தானை அழுத்தினால் பலகையில் விளக்கு எரியும். அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு இன்றும் வாக்குகளை எண்ணியே ஆக வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்று சட்டப்பிரிவு 368 கேட்பதால் எண்ணாமல் தப்ப வழியில்லை. சாதாரணச் சட்டங்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சபாநாயகர் கேள்வியை அவையின் முன் வைப்பார். ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் குரல் எழுப்புவார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று அவர் அறிவிப்பார். யாரும் மறுக்காவிட்டால் அதுவே முடிவு. மறுத்து 'டிவிஷன்' கேட்டால்தான் மணி அடித்து, கதவடைத்து, பெயரோடு வாக்குப் பதிவாகும். அதிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், இரு தரப்பையும் இருந்த இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடித்துவிடலாம். அப்போது பெயர்கள் பதியப்படா என்று மக்களவை விதி 367 வெளிப்படையாகவே சொல்கிறது. ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை உறுதி என்ற நிலையில், தோற்கப்போகும் டிவிஷனைக் கேட்பதில் எதிர்க்கட்சிகளுக்கும் ஆர்வம் குறைந்தது. தோற்றாலும் பெயர் நிற்க வேண்டும் என்று 1928இல் இருந்த உணர்வு காலப்போக்கில் நம் சபைகளிலிருந்து மங்கிப்போனது.

இரண்டாவது குறை 1967இல் கருக்கொண்டது. அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பல மாநிலங்களில் ஆட்சிகள் கவிழ்ந்தன. ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறியது நாடு முழுவதும் பழமொழியாயிற்று. ஒய்.பி. சவாண் தலைமையில் குழு அமைந்தது. அந்தக் குழு தொகுத்த விவரத்தில் என்னை நிறுத்திய எண் ஒன்று உண்டு: கட்சி மாறிய 210 சட்டமன்ற உறுப்பினர்களில் 116 பேர், தாங்கள் அமைக்க உதவிய அமைச்சரவைகளில் அமைச்சரானார்கள். நோய் எங்கே இருந்தது என்பதை இந்த எண்ணே காட்டிவிடுகிறது. ஒரு மசோதாவில் மனசாட்சிப்படி மாற்றி வாக்களித்ததால் வந்த நோயல்ல அது. பதவிக்காக முகாம் மாறியதால் வந்தது. ஆனால் 1985இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 52ஆம் திருத்தம் இரண்டையும் ஒரே தண்டனையின் கீழ் கொண்டுவந்தது. பத்தாவது அட்டவணையின்படி, கட்சியை விட்டு விலகுகிறவர் மட்டுமல்லாமல், கட்சியின் கட்டளையை மீறி எந்த விஷயத்தில் வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும். நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மசோதாவுக்கும் இங்கே வேறுபாடு இல்லை. கொறடாவின் தாளில் உள்ள கட்டளை சட்டத்தின் வலிமையைப் பெற்றது. 1992இல் கிஹோடோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்றது. கட்சிக் கட்டளை ஆட்சியின் உயிர் தொடர்பான வாக்குகளிலும், கட்சி மக்கள் முன் வைத்த அடிப்படைக் கொள்கைகளிலும் மட்டும் இருப்பது நல்லது என்றும் தீர்ப்பு சொல்லியது. கட்சிகள் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளவில்லை.

சட்டம் இல்லாவிட்டால் உறுப்பினர்கள் விலைபோவார்கள் என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம். சட்டம் இருந்தபோதே அவர்கள் விலைபோனார்கள் என்பதற்கு 1993 ஜூலை 28 சாட்சி. அன்று நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்று தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் பணம் வாங்கி அரசைக் காப்பாற்றினார்கள் என்ற வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவைக்குள் அளித்த வாக்குக்காக உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்ற சட்டப்பிரிவு 105இன்படி, பணம் வாங்கி வாக்களித்தவர்களுக்கு விலக்கு உண்டு என்று 1998இல் நீதிமன்றம் சொன்னது. பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டும் வாக்களிக்காதவருக்கு மட்டும் அந்த விலக்கு கிடைக்கவில்லை. இந்த நிலை இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 2024 மார்ச்சில் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்துதான் அதை மாற்றினார்கள். மனசாட்சிக்காக மாற்றி வாக்களித்தவர் பதவியை இழக்கும் சட்டம் இருந்தது; பணத்துக்காக வாக்களித்தவர் சிறைக்குத் தப்பும் தீர்ப்பும் இருந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் வீழ்ந்தபோது, தேசிய மாநாட்டுக் கட்சியின் சைஃபுதீன் சோஸ் தன் கட்சி சொன்னதற்கு எதிராக வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது. அவருடைய முடிவு சரியா தவறா என்பது வேறு கேள்வி. அவர் தன் முடிவை வெளிப்படையாகச் செய்து அதன் விலையையும் கொடுத்தார். அப்படிச் செய்தவர்களின் பெயர்கள் நம் நாடாளுமன்ற வரலாற்றில் மிகச் சிலவே.

பெயர் பதிவானால் என்ன நடக்கும், பதிவாகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு அண்மையில் ஓராண்டுக்குள் பார்த்தது. 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் இருந்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேர் மறுபக்கம் போயிருந்தால் கணக்கு 113க்கு 117 ஆகியிருக்கும். பட்டியல் இருந்ததால் தமிழ்நாட்டு மேடைகளில் இந்தக் கணக்கைச் சொல்ல முடிந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே அ.தி.மு.க. அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று வாக்குறுதி அளிக்க நேர்ந்தது. அடுத்து 2020 செப்டம்பர் 20. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. மக்களவையில் அவற்றை ஆதரித்த அ.தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் அவற்றைக் கடுமையாக விமர்சித்துப் பேச, கட்சித் தலைமை அவரிடம் விளக்கம் கேட்கப்போவதாகச் சொன்னது. இந்தப் பேச்சும் வாக்கும் பொருந்தினவா என்று பார்க்க வழியில்லை. எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். உறுப்பினர்கள் தத்தம் இருக்கையிலிருந்து கேட்கவில்லை என்று சொல்லித் துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்போடு முடித்தார். இருக்கையிலிருந்துதான் கேட்டேன் என்றார் தி.மு.க.வின் திருச்சி சிவா. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களை நீக்கிய மசோதாவும், விவாதமே இல்லாமல், குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது.

வெளிநடப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது நம் கட்சிகளுக்கு மிகவும் பழகிய கருவி. 2016 ஆகஸ்டில் சரக்கு சேவை வரிக்கான அரசியல் சட்டத் திருத்தத்தின்போது அ.தி.மு.க. இரு அவைகளிலும் வெளிநடப்புச் செய்தது. மாநிலங்களவையில் முடிவு 203க்கு சுழியம், மக்களவையில் 443க்கு சுழியம். ஊரில் இது எதிர்ப்பாகவே படும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு என்பது வாக்களிப்பவர்களைக் கொண்டு கணக்கிடப்படுவதால், வெளியே போகிறவர் திருத்தம் நிறைவேறத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுத்தான் போகிறார்.

நம் மக்கள் சின்னத்தைப் பார்த்தே வாக்களிக்கிறார்கள், எனவே உறுப்பினருக்குத் தனி நிலைப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. கட்சியின் பெயரால் வென்றவர் கட்சியின் அடிப்படைக்கு எதிராகப் போவது ஏமாற்றுதான். ஆனால் ஐந்து ஆண்டுகளில் ஓர் உறுப்பினர் முன் வரும் மசோதாக்களில் பெரும்பாலானவை எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இல்லாதவை. ஈராக் போருக்கு எதிராக 2003 மார்ச்சில் பிரிட்டனின் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 139 பேர் தங்கள் சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். டோனி பிளேரின் ஆட்சி கவிழவில்லை, அவர்கள் பதவி இழக்கவுமில்லை. அவர்கள் தொகுதி மக்களுக்குத் தங்கள் உறுப்பினர் எங்கே நின்றார் என்பது தெரிந்தது. தன் கட்சி ஆட்சியில் இருந்த 1997 முதல் 2010 வரை நானூறு முறைக்கு மேல் கொறடாவை மீறியவர் ஜெரமி கார்பின். 2015இல் அதே கட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மசோதா ஒன்று தோற்றால் ஆட்சி விழும் என்ற பயம் நாமே வளர்த்துக்கொண்ட பயம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கொறடாவின் பிடி இப்படியே இருக்கும்போது பெயரை மட்டும் பதிவு செய்தால், மாற்றிக் குரல் கொடுத்த ஓரிருவரைக் கட்சித் தலைமை பிடித்துக்கொள்ளத்தானே அது உதவும்? உதவும். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் கட்சிக்கு இன்றும் எல்லாம் தெரிந்தே இருக்கிறது. தெரியாமல் இருப்பது மக்களுக்கு மட்டும். 2003இல் மாநிலங்களவைத் தேர்தலுக்குக் கொண்டுவந்த திறந்த வாக்குமுறையில், சட்டமன்ற உறுப்பினர் தன் வாக்குச் சீட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டே பெட்டியில் போடுகிறார். மக்களுக்கு அது காட்டப்படுவதில்லை. ஆகவே இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே வர வேண்டும். கட்டளையை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற ஆட்சியின் உயிர்ப் பிரச்சினையோடு நிறுத்த வேண்டும் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது, 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆம் அறிக்கையும் கொறடாவின் எல்லையைக் குறுக்கச் சொன்னது. 2010இல் மணீஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதா ஒன்றையும் கொண்டுவந்தார். மூன்றும் செயலுக்கு வரவில்லை. பத்தாவது அட்டவணையைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது எளிதல்ல. பெயர்ப் பதிவுக்கு அந்தத் தடை கிடையாது. ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கும் பெயரோடு பதிவாக வேண்டும் என்று அவைகள் தங்கள் நடைமுறை விதிகளைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். விதிக் குழு பரிந்துரைத்தால் போதும், அரசியல் சட்டத்தைத் தொடவே வேண்டாம். நேரம் வீணாகும் என்ற காரணமும் நிற்காது. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் நள்ளிரவு தாண்டி 288க்கு 232 என்று பெயரோடு வாக்கெடுக்கப்பட்டது. 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்ற கேள்விக்குப் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவை முதன்முறையாக மின்னணுக் கருவியைப் பயன்படுத்தியது. கருவி முதலில் 220க்கு 149 என்று காட்டியது. சீட்டுகளையும் சேர்த்து எண்ணியபோது 269க்கு 198 ஆனது. அந்தப் பதிவில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் எந்தத் தொகுதி எங்கே நின்றது என்று இன்று யாரும் பார்க்கலாம். அதற்கு முந்திய வாரம் குரலால் நிறைவேறியவற்றில் பார்க்க முடியாது.